தீர்த்த முட்டி

1

இன்று அம்மாவின் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருடம். என் மனைவி சரசு விடிய எழும்பித் தலைமுழுகி, மரக்கறி சமைத்து முடித்துவிட்டாள். இந்த இங்கிலாந்துப் பட்டணத்தில் ஐயரும் இல்லை, வாழையிலையும் இல்லை. அம்மாவுக்குப் பிடித்த கத்தரிக்காய் இந்தக் கிழமை சந்தைக்கு வரவில்லை. பதிலுக்குக் கோவாவை, அதாவது முட்டைக்கோசை, பால்கறி வைத்து ஒரு புதுத் தட்டில் படைத்தோம். அம்மா கோவாவைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். படத்தில் இருக்கிறபடியால் பேசாமல் இருக்கிறார்.

நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அரைநாள் லீவு கேட்க நேற்று அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண்மணி நல்லவர்தான். ஆனால் எதையும் இரண்டு தரம் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. "உங்கள் தாயார் போன வருடமே காலமாகிவிட்டார் அல்லவா?" என்றார். "ஆம், அதே தாயார்தான்" என்றேன். ஒரு தாய்க்கு ஒரு தடவைதான் லீவு என்பது இவர்களின் சட்டம்; கடைசியில் என் வருட லீவில் அரைநாளைக் கழித்துத் தந்தார். போன வருடம் அந்த ஒரு தடவையைப் பெற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தந்தி வந்து சேர்ந்தபோது அங்கே காடாற்று முடிந்து சாம்பலையும் கரைத்துவிட்டார்கள். இறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். ஊர் விதானையாரின் அத்தாட்சி வந்தது. அது தமிழில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதி வந்து சேர்வதற்குள் நான் அழுது முடித்து வழமைபோல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

படையல் முடிந்தபின் சரசு ஒரு செம்பில் தண்ணீர் நிறைத்து, தோட்டத்தில் பறித்த பூவைப் போட்டு அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். எங்கள் மகள் வாணிக்கு ஆறு வயது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, பூவுக்குத் தாகமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். கேள்வியும் ஆங்கிலத்தில்தான். சரசு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூப் போட்டு வைத்த தண்ணீரைக் கண்டால் எனக்கு உடனே கொட்டிவிடத் தோன்றும். ஏன் என்று சரசுவுக்குக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. ஐயா, என் தகப்பனார், அம்மாவுக்கு முந்தியே போய்விட்டார். இப்போது அம்மாவும் இல்லை. இனி யாருக்கும் நோகாது என்றபடியால் எழுதுகிறேன்.

2

நாங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வன்னியில் வட்டக்கச்சிக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஊரில் ஐயாவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. அடுத்தவன் தோட்டத்தில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தே முதுகு வளைந்த மனிதர். வன்னியில் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள், குளத்துத் தண்ணீர் வயல்வரைக்கும் வரும் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் யோசனை கேட்காமல் எழுதிப் போட்டுவிட்டார்.

வந்த முதல் நாள் ஐயா வீட்டைப் பார்க்கவில்லை. நேரே வாய்க்காலுக்குப் போனார். யாரும் இறைக்காமல் தண்ணீர் தானாக நடந்து வருகிறதைப் பார்த்து, வேட்டியோடு அதற்குள் இறங்கி இருந்துவிட்டார். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனார். அதற்குப் பிறகு ஐயாவுக்குக் கோயில், குளம், சந்தை எல்லாம் அந்த வாய்க்கால்தான்.

தம்பி குணம் அப்போது கைக்குழந்தை. எனக்கும் அவனுக்கும் இடையில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அம்மா அவனை இடுப்பை விட்டு இறக்கமாட்டார். அவன் நன்றாகச் சாப்பிடுவான். என்னைவிடக் கூடச் சாப்பிடுவான். ஆனாலும் கையும் காலும் ஈர்க்குப்போல இருக்கும், வயிறு மட்டும் முன்னே நிற்கும். பிறந்த நாளிலிருந்தே இருமல். இரவில் அவன் இருமாவிட்டால்தான் அம்மா திடுக்கிட்டு எழும்புவார்.

இன்னொரு புதினமும் இருந்தது. வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் அவனுடைய நெற்றியிலும் கழுத்திலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பசுக்கன்று வேறு யாரிடமும் போகாது. அவனைக் கண்டால் ஓடிவந்து கழுத்தை நக்கும். அவன் கூச்சத்தில் சிரித்துச் சிரித்து இருமுவான். ஐயா அவனுடைய நெற்றியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆனையிறவு உப்பளத்தையும் கையோடை கொண்டந்திட்டமடி" என்று அம்மாவைப் பகிடி பண்ணுவார்.

கிளிநொச்சியில் மருந்து வாங்கினோம். மூச்சிழுக்கும் தொய்வு என்று ஒரு டொக்டர் சொன்னார். சயரோகமாக இருக்கும் என்று இன்னொருவர் பரிசோதித்துவிட்டு அதுவும் இல்லை என்றார். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் பெரிய தேசங்களிலேயே இந்த நோய் வருத்தத்துக்குப் பெயர் வைத்து அதிக காலம் ஆகவில்லை.

3

பக்கத்துக் காணியில் செல்லம்மாக்கா என்று ஒருவர் இருந்தார். முள்ளியவளையில் பிறந்தவர். எங்களைப்போல வந்தேறியவர் அல்ல. தம்பியின் நெற்றியில் பூத்திருந்த உப்பை அவர்தான் வேறு விதமாகப் பார்த்தார்.

"உது வருத்தமில்லைப் பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். "வற்றாப்பளை அம்மாளின்ர விளக்கு என்னத்திலை எரியிறது? கடல் தண்ணியிலை. உப்புப் பூத்த பிள்ளை அவாவின்ர பிள்ளை. கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வா."

வைகாசிப் பொங்கலுக்கு முந்திய கிழமை முல்லைத்தீவுக் கடலில் தண்ணீர் மொண்டு வந்து, முள்ளியவளைப் பிள்ளையார் கோயிலில் அந்த உப்பு நீரிலேயே விளக்கு எரிப்பார்கள். பிறகு வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல் நடக்கும். இதை நான் வன்னி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் நாங்களும் பரந்தன் சந்தியில் பஸ் பிடித்துப் போனோம். கடற்கரையில் தம்பியை இறக்கி விட்டோம். அலைச் சாரல் முகத்தில் பட நின்றான். அன்றும் மறுநாளும் அவனுக்கு இழுப்பு இல்லை. நான் கண்ணால் கண்டது இது. அம்மாவுக்கு வேறு சாட்சி என்னத்துக்கு?

திரும்பி வரும்போது அம்மா ஒரு சிறிய மண்முட்டியில் தீர்த்தம் கொண்டுவந்தார். முட்டி வற்றக் கூடாது என்பது செல்லம்மாக்கா சொன்ன முறை. குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும். தீர்த்தம் கலந்த தண்ணீர் எல்லாம் தீர்த்தம். அதற்குள் வேப்பிலையும் பூவும் போட்டு, சாமிப் படத்துக்குக் கீழே நிழலில் வைத்து மூடியிருப்பார். விடிந்ததும் வேப்பிலையால் தொட்டுத் தம்பியின் முகத்தில் தெளித்து, கையில் வார்த்துக் குடிக்கக் கொடுப்பார். அவனுக்கும் அது விருப்பம். தெளிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்பான்.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் சித்தப்பா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது அம்மா தம்பியை என்னிடம் பிடித்துத் தள்ளி, "உச்சியை மோந்து பார்" என்றார். மோந்தேன். தேன் புளித்ததுபோல ஓர் இனிப்பு மணம்.

"என்ன மணக்குது?"

"இலுப்பைப்பூ."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னால் உன்ர ஐயா நம்பிறாரில்லை. அம்மாள் வந்து நிக்கிறா."

அந்தக் கிழமை தம்பி துப்பிய சளி பச்சையாக இருந்தது. வேப்பிலைத் தண்ணீர் குடிக்கிறான், அதுதான் என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

4

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தான். ஒவ்வொரு மாரிகாலத்து மழையும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. விரல் நுனிகள் உருண்டு தடித்தன. ஐயா அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வயலைச் சுற்றிக் காட்டுவார். வெயில் ஏறியதும் வாய்க்காலில் இருத்தித் தலைக்கு வார்ப்பார். அந்த நேரம் மட்டும் அவன் மற்றப் பிள்ளைகளைப்போலச் சத்தம் போடுவான்.

கடைசி மாரியில் ஒரு நாள் அம்மா முட்டியை நிரப்பக் கிணற்றடிக்குப் போனார். கிணற்றுக் கட்டு பாசி பிடித்திருந்தது. கால் வழுக்கி முட்டி கையை விட்டுப் போய்விட்டது. அம்மா அங்கேயே குந்தியிருந்து, ஈர மண்ணைக் கையால் வழித்து ஓட்டுத் துண்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தாராம். ஐயாதான் தூக்கிக்கொண்டு வந்தார். புதுத் தீர்த்தத்துக்கு வைகாசி வரவேண்டும். தம்பி தைப்பொங்கலைக்கூடக் காணவில்லை. ஏழு வயது.

செத்த வீட்டில் யாரோ ஒருவர், கெட்ட மனத்தோடு அல்ல, ஒப்பாரியோடு ஒப்பாரியாகச் சொல்லிவிட்டார். தீர்த்தம் மண்ணிலே போனது, பிள்ளையும் பின்னாலே போனான் என்று. அம்மா அழுகையை நிறுத்தி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அம்மா அழுததை நான் காணவில்லை.

அடுத்த வருடம் எனக்கு இங்கிலாந்துக்கு வர ஒரு வழி கிடைத்தது. கிளிநொச்சி ஸ்டேசனில் ஐயா என்னுடைய பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, கண்ணைக் காட்டாமல் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். அம்மா ஜன்னலுக்குக் கிட்ட வந்தார். குளிருக்குப் போர்க்கச் சொல்லுவார், கடிதம் போடச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"அங்கை பெரிய டொக்டர்மார் இருக்கினமாம்" என்றார். "ஒண்டை மட்டும் கேட்டு வை மோனை. முட்டி உடையாட்டில் பிள்ளை இருந்திருப்பானோ எண்டு."

கேட்கிறேன் என்றேன். ரயில் வெளிக்கிட்டது.

5

வந்த புதிதில் ஆய்வுகூடத்தில் எனக்குக் கண்ணாடித் தட்டுகள் கழுவுகிற வேலை. பிறகு நோயாளிகளின் சளியை அந்தத் தட்டுகளில் பூசி, இளஞ்சூட்டில் வைத்து, என்ன கிருமி முளைக்கிறது என்று பார்க்கும் வேலை தந்தார்கள். வட்டக்கச்சியில் நாற்றுமேடை பார்த்தவனுக்கு இது புதிதல்ல என்று ஐயாவுக்கு எழுதினேன். என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டு அவர் பதில் போட்டார்.

ஒரு நாள் காலையில், பிள்ளைகளின் வார்ட்டிலிருந்து வந்த சளியைப் பூசி வைத்த தட்டைத் திறந்தேன். இலுப்பைப்பூ மணத்தது.

வெளியே பனி. இந்தத் தேசத்தில் இலுப்பை மரம் இல்லை. நான் மூடியை மூடி மறுபடி திறந்தேன். தட்டு முழுவதும் மெல்லிய பச்சை. கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். எங்கள் தலைமை உத்தியோகத்தர் வயதான மனிதர். வந்து எட்டி மோந்து பார்த்துவிட்டு, "முந்திரிகை மணம். சூடோமோனாஸ்" என்று கிருமியின் பெயரைச் சொன்னார். முந்திரிகை என்கிற அந்தத் திராட்சைப் பழத்தை நான் கண்டதே கப்பலில்தான். இலுப்பைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியாது. அவர் சொன்னபடி முந்திரிகை என்றே எழுதிக் கையெழுத்து வைத்தேன். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

அந்தச் சளி மார்கரெட் என்ற பெண்பிள்ளையுடையது. தம்பி போகும்போது இருந்த வயதுதான் அவளுக்கும். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வார்ட்டுக்குப் போனேன். முன்னே நிற்கும் வயிறு, ஈர்க்குக் கைகள், உருண்ட விரல் நுனிகள். எல்லாம் எனக்குத் தெரிந்த உடம்பு, நிறம் மட்டும் வேறு. அவளுடைய தாய் பக்கத்தில் இருந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பிறந்த கிழமையே தனக்குத் தெரியும் என்றார். முத்தமிட்டபோது பிள்ளையின் நெற்றி உப்புக் கரித்ததாம்.

எங்கள் தாய்மார் பிள்ளையை அப்படி உதட்டால் கொஞ்சுவது குறைவு. மூக்கை வைத்து உச்சியை மோப்பார்கள். வெள்ளைக்காரத் தாய்க்கு உப்புத் தெரிந்தது. என் அம்மாவுக்கு மணம் தெரிந்தது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் வழியில் டொக்டருக்கு முந்திவிட்டார்கள், ஆனால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று வருத்தத்தின் பெயர். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வருவது. அவர்கள் இரண்டு பேரையும் அது ஒன்றும் செய்யாது, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று நான் படித்த புத்தகத்தில் இருந்தது. எழுதியவர் வட்டக்கச்சிப் பக்கம் வந்திருக்கமாட்டார்.

வாணி பிறந்த நாளிலிருந்து நான் அவளுடைய உச்சியை மோந்து பார்க்கிறேன். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருந்தும் பழக்கம் விடவில்லை. இப்போது அவள் தலையை இழுத்துக்கொண்டு, தான் என்ன பூவா என்று கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் மற்றத் தகப்பன்மார் இப்படிச் செய்வதில்லையாம்.

6

இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு மணித்தியாலம் அதோடு இருக்கிறேன், எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. கை கழுவும் தொட்டியின் வாயில் இருக்கும். பூச்சாடித் தண்ணீரில் இருக்கும். சேற்றில் இருக்கும். நல்ல நெஞ்சுக்குள் போனால் ஒரு நாளும் தங்காது. இந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் மட்டும், பிசின்போலத் தடித்த அந்தச் சளியில், அதற்கு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. ஏன் இவர்களில் மட்டும் இவ்வளவு மூர்க்கம் என்று டொக்டர்மாரைக் கேட்டேன். எங்களுக்கும் தெரியாது என்றார்கள்.

வந்த புதிதில் அது அடித்து நொறுக்கும். பச்சை நிறம், மணம், காய்ச்சல், எல்லாம் அப்போதுதான். மாதக்கணக்காகப் போனபின் தட்டில் வேறு விதமாக முளைக்கும். பச்சை வெளுத்துவிடும். நுங்குபோல வழுவழுப்பாகத் தன்னை மூடிக்கொள்ளும். சண்டை குறைந்துவிடும், ஆனால் எந்த மருந்துக்கும் அசையாது. பிள்ளை இருக்கும்வரைக்கும் போகாது. முதன்முதலாக அந்த வழுவழுப்பைக் காட்டியபோது எங்கள் தலைமை உத்தியோகத்தர் பெருமூச்சு விட்டு, "குடியிருக்க வந்துவிட்டது" என்றார்.

இந்தப் பிள்ளைகளை இரவில் ஒரு கூடாரத்துக்குள் படுக்க வைப்பார்கள். ஒரு சாடித் தண்ணீரைப் புகைபோலப் புகாராக்கி அதற்குள் விடுவார்கள். சளி இளகட்டும் என்று. மார்கரெட்டுக்குப் பச்சைக் கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடி, வார்ட்டில் உள்ள எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து எங்களிடம் அனுப்பினார்கள். கட்டிலில் ஒன்றுமில்லை. கோப்பையில் ஒன்றுமில்லை. சாடித் தண்ணீர்த் தட்டைத் திறந்தபோது மூக்கு எனக்கு முதலே சொல்லிவிட்டது.

தாதிமாரைக் கேட்டால், சாடியை வற்றவிடுவதில்லை என்றார்கள். குறையக் குறைய ஊற்றுவார்களாம். சுத்தமான தண்ணீர்தான் ஊற்றினார்கள். பிள்ளைக்கு நல்லதென்றுதான் ஊற்றினார்கள். ஆனால் அடியில் எப்போதும் கொஞ்சம் பழைய தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். கிணற்றடியும் அம்மாவும் அந்த முட்டியும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. வன்னியில் மாரி காலத்தில் ஈரம் இல்லாத இடம் எது? கிணற்றடி, வாய்க்கால், வயல், எங்கிருந்தும் வந்திருக்கலாம். முட்டியே இல்லாவிட்டாலும் ஒரு நாள் வந்திருக்கும், தம்பியும் போயிருப்பான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே சாடிகளைக் கொட்டிக் கவிழ்த்துக் கொதிக்க வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மார்கரெட்டுக்கு அது காலம் பிந்தியது. அடுத்த வசந்தத்தில் போனாள். அவளுடைய தாய் பின்னி முடித்த கம்பளிச் சட்டை வார்ட்டில் வேறு ஒரு பிள்ளைக்குப் போனது.

அம்மாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. முட்டி உடைந்ததால் தம்பி சாகவில்லை. நெஞ்சில் தூக்கி வைத்திருக்கிற அந்தப் பாரத்தை நீங்கள் இறக்கி வைக்கலாம் அம்மா என்று சொல்ல வேண்டும். இதைக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. நேரே போய்ச் சொல்லுவோம் என்று காசு சேர்த்தேன்.

7

ஊருக்குப் போனபோது ரயிலில் புளியங்குளத்தில் கண் விழித்தேன். கிளிநொச்சி ஸ்டேசனில் ஐயா சைக்கிளோடு நின்றார். வீட்டில் அம்மா என்னை இழுத்து உச்சியை மோந்து, "சவுக்காரம் மணக்குது" என்றார். சாமிப் படத்துக்குக் கீழே ஒரு புது முட்டி இருந்தது. அதைத் திறந்து வேப்பிலையால் என் முகத்திலும் தெளித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

ஓரிரு நாள் கழித்து, ஐயா வயலுக்குப் போனபின், அம்மா குசினிக்குள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"கேட்டனியோ?"

"ஓம் அம்மா. கேட்டனான்."

"என்ன சொல்லுகினம்?"

"அது பிறக்கேக்கையே வாற வருத்தமாம். சளி பிசின்மாதிரித் தடிச்சுப் போகுமாம். பிறகு ஒரு கிருமி வந்து நெஞ்சுக்குள்ளை இருந்திடும். அங்கையும் பிள்ளையள் தப்பிறேல்லை."

"வெள்ளைக்காரப் பிள்ளையளுமோ?"

"ஓம்."

"பாவம், தாய்மார்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தார். "அப்ப முட்டி?"

"முட்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை அம்மா. உடையாட்டிலும் அவன் போயிருப்பான். நீங்கள் மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

இதைச் சொல்லத்தான் கடல் கடந்து வந்திருந்தேன். இல்லை என்று அம்மா தலையை ஆட்டினார்.

"நீ படிச்சனி. ஆனா நீ அப்ப இஞ்சை இல்லை, நான் எல்லோ இருந்தனான். அந்த மணம் முதல் முட்டியிலைதான் வந்தது. ஒரு நாள் விடிய மூடியைத் திறக்கிறன், இலுப்பைப்பூ மணம். அது பூக்கிற காலமுமில்லை. தண்ணி லேசாப் பச்சைபிடிச்சுக் கிடந்தது. அம்மாள் வந்திட்டா எண்டு எனக்கு அழுகையே வந்திட்டுது மோனை. அண்டையிலையிருந்து காலமை மட்டும் குடுத்ததைப் பின்னேரமும் குடுத்தன். பிறகு கொஞ்ச நாளாலைதான் பிள்ளையின்ர உச்சியிலை அந்த மணம் வந்தது. முட்டியிலையிருந்துதான் அவனிட்டைப் போனது. நீ சம்பந்தமில்லை எண்டுறாய்."

இங்கே ஓர் ஆய்வுகூடமே தேடித் திரிந்த சாட்சியை அம்மா கீரைக் காம்போடு என் முன்னால் போட்டுவிட்டார். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

"அந்தக் கிருமி எங்கை இருக்கிறதாம்?" என்று கேட்டார்.

"தண்ணியிலை."

"எந்தத் தண்ணியிலை?"

அம்மா இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால், கதவு வழியாக, சாமிப் படமும் முட்டியும் தெரிந்தன. மூடிக்கு மேல் புதுப் பூ வைத்திருந்தது.

"வாய்க்கால் தண்ணியிலை அம்மா" என்றேன். "சேத்துத் தண்ணியிலை."

முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அந்த நேரம் என் வாயில் வந்தது அதுதான்.

அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டார். கீரைக் கட்டு மடியிலேயே கிடந்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் பக்கம் ஐயா மண்வெட்டியோடு குனிந்து நிற்பது வேலிக்கு மேலால் தெரிந்தது.

"அவர்தானே அவனைக் கொண்டுபோய் வாய்க்காலிலை இருத்தி முழுக வாக்கிறவர்" என்றார் மெல்ல. "நாள் தவறாமல்."

அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது.

"அம்மா, அப்பிடியில்லை..."

"இதை அந்த மனிசனுக்குச் சொல்லிப்போடாதை" என்றார் அம்மா. "வேறை ஒருத்தருக்கும் சொல்லாதை, அவரின்ர காதிலை போயிடும். அந்தத் தண்ணியை நம்பித்தான் அவர் இஞ்சை வந்தவர். தாங்கமாட்டார்."

"சரி அம்மா."

"ஆர் கேட்டாலும் முட்டி உடைஞ்சதாலைதான் எண்டே சொல்லு. என்ர கையாலைதான் உடைஞ்சது. அது எனக்குப் பழகிப்போச்சு."

கீரையைத் திரும்பக் கையில் எடுத்தார். மத்தியானம் ஐயா வந்து, காலைக் கழுவிக்கொண்டே, தாயும் மகனும் என்ன கதை என்று கேட்டார். "லண்டனிலை கீரை இல்லையாம்" என்றார் அம்மா. ஐயா அந்தத் தேசத்தையே பரிதாபமாக நினைத்துத் தலையை ஆட்டினார்.

8

ஐயா கடைசிவரைக்கும் அந்த வாய்க்காலில்தான் குளித்தார். ஒன்றும் தெரியாமலே போனார். அம்மா அதற்குப் பிறகும் எனக்கு எழுதுவித்த கடிதங்களில் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வைகாசிக்கு வைகாசி முட்டியை மாற்றினதாக மட்டும் எழுதுவிப்பார்.

இன்று பின்னேரம் சரசு வாணியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது, படத்துக்கு முன்னால் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினேன். செம்பை விளக்கி, கொதித்து ஆறிய தண்ணீர் நிறைத்து, பூப் போடாமல் வைத்தேன். நாளைக்கும் மாற்றுவேன். அம்மா படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மோனை ஊத்தினனி?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடி அங்கேயே நின்றேன். இந்த முறை வாய்க்காலைச் சொல்ல முடியாது. இங்கே வாய்க்கால் இல்லை.